பானைக்கு யார் சாட்சி?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்று சொல்வது வழக்கம். மாதம் பிறந்தால் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே குடியிருக்கும் மகள் வந்துவிடுவாள். அவள் வந்து போன பிறகு தெருவில் நாலைந்து வீடுகளில் சாக்லெட் மணக்கும். இந்தத் தடவை என் பங்குக்குக் கிடைத்தது துணி துவைக்கிற சோப்புத் திரவம், ஒரு புட்டி.

"இதைப் பார்த்தீங்களா சார்?" என்று புட்டியின் முதுகைத் திருப்பிக் காட்டினார் பெரியவர்.

பச்சையும் நீலமுமாக ஒரு சின்னப் பூ. இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரங்கள்.

"இந்தப் பூ இருந்தாத்தான் என் பொண்ணு வாங்குவா. இல்லேன்னா கையில எடுத்ததைக் கூடத் திருப்பி வெச்சிட்டு வந்துடுவா. மண்ணு, தண்ணி ரொம்பக் கெடாம செஞ்ச சாமான்னு அர்த்தமாம். நம்ம ஊர்ல இந்த மாதிரி ஏதாவது இருக்குதா?"

"ஏன் இல்லாமல்? நமக்கும் ஒன்று இருக்கிறது. பூ இல்லை, மண்பானை" என்றேன், கொஞ்சம் தேசாபிமானத்தோடு.

"பானையா? நான் பார்த்ததே இல்லியே. நீங்க பார்த்திருக்கீங்களா?"

அகப்பட்டுக்கொண்டேன். அதைப் பற்றிப் படித்திருக்கிறேனே தவிர, ஒரு சாமானின் மேல் அந்தப் பானையை என் கண்ணால் பார்த்ததில்லை.

மறுநாள் நேரு வீதிப் பக்கம் போனபோது ஒரு பெரிய கடைக்குள் நுழைந்து தேடினேன். சோப்பு வரிசையில் தேடினேன். நோட்டுப் புத்தக வரிசையில் தேடினேன். டீத்தூள் பொட்டலங்களைக்கூடப் புரட்டிப் பார்த்தேன். இலை இருந்தது. மரம் இருந்தது. நீர்த்துளி இருந்தது. இரண்டு உள்ளங்கைகள் தாங்கிப் பிடித்த பூமி உருண்டை இருந்தது. பானை மட்டும் இல்லை. கடைசியில் கடைப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, பானைப் படம் போட்ட சாமான் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பானை நம்ம கிட்ட இல்ல சார். வில்லியனூர் போனீங்கன்னா கிடைக்கும்" என்றான்.

வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல் நாலு சாமான் வாங்கினேன். அவற்றை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். தொட்டால் துணி மாதிரியே மெத்தென்றிருந்தது பை. மேலே ஒரு பச்சை இலை. அதன் கீழே, 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து அதன் ஓரத்தைப் பிய்த்துப் பார்த்தேன். ஊடும் இல்லை, பாவும் இல்லை. பாலிப்ரோபிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, இழையாக்கி, அழுத்தி ஒட்டிய தகடு அது. சட்டம்கூட அதைப் பிளாஸ்டிக் பையாகத்தான் கணக்கில் வைத்திருக்கிறது. சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது என்று 2021-இல் விதி செய்திருக்கிறார்கள். பைக்குத் தன் பிறப்புத் தெரியாமல் இருக்கலாம். இலையை அச்சடித்தவருக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை.

கதைகளைப் படித்து அபிப்பிராயம் சொல்வதுதான் இந்தப் பக்கங்களில் என் வேலை. இந்தத் தடவை ஒரு பையையும் ஒரு பானையையும் விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்டதற்காக வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இவையும் எழுத்துத்தான். நம்மில் பலர் ஒரு வருஷத்தில் படிக்கிற நாவல்களைவிட டப்பாக்களின் மேல் படிக்கிற வரிகள் அதிகம். நாவல் பொய்யாக இருந்தால் நஷ்டம் இரண்டு மணி நேரம். டப்பாவின் வரி பொய்யாக இருந்தால், அந்த நஷ்டம் நம் வீட்டுச் சாக்கடை வழியாகப் பெரிய வாய்க்காலில் இறங்கிக் கடல் வரைக்கும் போகிறது. ஆகையால், ஒரு கதையிடம் கேட்கிற கேள்விகளையே இந்தச் சின்னங்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். சொல்கிறவர் யார்? சொல்வது என்ன? கேட்கிறவர் யார்?

முதல் கேள்விக்கு வருகிறேன். பையின் மேலிருந்த இலையைச் சொன்னவர், அந்தப் பையை விற்கிறவர். அவருடைய சரக்கைப் பற்றி அவரே கொடுத்துக்கொண்ட நற்சாட்சி அது. இதில் நான் மேலே உட்கார்ந்துகொண்டு நியாயம் பேச முடியாது. என் நாவல் ஒன்றின் பின்னட்டையில், 'படித்து முடித்த பின்னும் நெஞ்சை விட்டு அகலாத காவியம்' என்று ஒரு வரி இருக்கிறது. பிரசுரகர்த்தர் எழுதியதென்று எல்லாரும் நினைக்கிறார்கள். அவசரத்துக்கு நானே எழுதிக் கொடுத்தது. அந்த வரி பொய்யென்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அது சாட்சியமும் ஆகாது. மெய்யோ பொய்யோ, அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

சர்வதேசத் தர நிர்ணய நிறுவனமும் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் சின்னங்களைப் பிரித்திருக்கிறது. உற்பத்தியாளர் தாமே சொல்லிக்கொள்வது ஒரு வகை. விற்பவரும் இல்லாமல் வாங்குபவரும் இல்லாமல் மூன்றாவது ஆள் ஒருவர், முன்கூட்டியே பகிரங்கமாக எழுதி வைத்த நிபந்தனைகளை வைத்துக்கொண்டு சோதித்துக் கொடுப்பது இன்னொரு வகை. பெரியவர் காட்டிய பூ இந்த இரண்டாவது வகை. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 1992-இல் ஏற்படுத்தியது. அதற்கும் மூத்தது மேற்கு ஜெர்மனி 1978-இல் தொடங்கிய 'நீலத் தேவதை'. 1989-இல் வட ஐரோப்பிய நாடுகள் அன்னப்பறவையைத் தேர்ந்தெடுத்தன. நாம் பானையை எடுத்துக்கொண்டது 1991-இல். கணக்குப் பார்த்தால் ஐரோப்பாவின் பூவுக்கு நம் பானை ஒரு வயது மூத்தது.

மூன்றாவது ஆள் எதற்கு என்று கேட்கலாம். இந்த ஊருக்கே அதில் பழைய அனுபவம் உண்டு. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியிலிருந்து நீலச் சாயம் தோய்த்த பருத்தித் துணி மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. 'கினே' என்று பிரெஞ்சுக்காரர்கள் அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நதிக்கரையில் அந்தத் துணியைக் கொடுத்துக் கருவேலம் பிசினை வாங்குவார்கள்; அங்கே அது பணம் மாதிரியே புழங்கியது. துணியை வாங்கும் அந்த ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. தடவிப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள். புதுச்சேரிச் சாயத்தின் வாசனை இல்லையென்றால் வேண்டாமென்று தள்ளிவிடுவார்கள். ஐரோப்பிய ஆலைகள் அதே மாதிரி துணி செய்து அனுப்பியும் அந்த மூக்கை ஏமாற்றுவது சுலபமாக இருக்கவில்லை.

அவர்களுக்கு மூக்கே முத்திரையாக இருந்தது. நமக்கு அந்த வசதி கிடையாது. சோப்புத்தூளை முகர்ந்தால் மல்லிகை வாசனைதான் வரும். அதிலுள்ள ரசாயனம் தண்ணீரில் சீக்கிரம் சிதையுமா, வருஷக் கணக்கில் கிடக்குமா என்பதை எந்த மூக்கும் சொல்லாது. கண்ணுக்கும் கைக்கும் எட்டாத குணத்தை வாங்கும்போது நமக்காகப் போய்ப் பார்த்து வர ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. முத்திரையின் நியாயம் இவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி, சொல்வது என்ன என்பது. இங்கேதான் பானை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

1991 பிப்ரவரியில் மத்திய சர்க்காரின் சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சகம் 'எக்கோமார்க்' என்ற திட்டத்தை அறிவித்தது. முத்திரை வழங்கும் பொறுப்பை, ஐ.எஸ்.ஐ. முத்திரை கொடுக்கிற இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடமே ஒப்படைத்தார்கள். பானையை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதற்கு அவர்கள் ஒரு விளக்கமும் எழுதினார்கள். மண் மறுபடி மறுபடி கிடைக்கும் பொருள். பானை செய்வதில் விஷக் கழிவு இல்லை. அதிக எரிசக்தியும் செலவாவதில்லை. உறுதியும் உடைகிற தன்மையும் ஒன்றாக அதில் இருப்பதைப் போலவேதான் இயற்கையும் இருக்கிறது. இதுதான் அந்த விளக்கத்தின் சாரம். சர்க்கார் காகிதங்களில் இவ்வளவு அழகான உவமையை நான் அடிக்கடி கண்டதில்லை.

உவமையோடு நிற்கவில்லை. சோப்பு, காகிதம், வர்ணம், பாட்டரி, துணி, தோல், மசகெண்ணெய் என்று வகை வகையாகப் பிரித்து நிபந்தனைகள் எழுதினார்கள். சோப்புத்தூளென்றால் அழுக்கை நீக்கும் சரக்கு இயற்கையில் எளிதில் சிதைய வேண்டும். எழுதும் காகிதமென்றால் கூழில் பெரும் பகுதி மரமும் மூங்கிலும் அல்லாத பொருளிலிருந்து வர வேண்டும். சாமானை வீணாக்காமல் உபயோகிப்பது எப்படி என்று வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இவற்றோடு சாமான் தரத்திலும் தேற வேண்டும். அழுக்குப் போகாத சோப்பை உத்தமமான சோப்பு என்று தலையில் கட்ட முடியாது.

இந்த நிபந்தனைகள் ஒன்றில்கூட 'நல்ல', 'தூய', 'பசுமையான' என்ற அடைமொழிகள் இல்லை. எல்லாம் அளந்து பார்க்கக் கூடிய விஷயங்கள். அடைமொழியை நம்பி எழுதுகிற கதாசிரியனையும், காட்சியை நம்பி எழுதுகிறவனையும் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? இங்கும் அப்படித்தான். இந்த ஊரில் அரவிந்த ஆசிரமத்தார் 1959 முதல் கைக்காகிதம் செய்து வருகிறார்கள். 'பருத்திக் கழிவில் செய்த காகிதம்' என்றால் அது ஒரு செய்தி. வேண்டுமானால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். 'இயற்கையின் நண்பன்' என்றால் அது ஓர் ஆலாபனை. அதற்கு எந்த இடத்தில் போய்ப் பார்ப்பது?

இன்னொரு நுட்பமும் உண்டு. இப்படிப்பட்ட முத்திரை எதுவும், 'இதனால் தீங்கே இல்லை' என்று சொல்வதில்லை. 'இதே வேலைக்கு வந்த மற்றச் சாமான்களைவிடத் தீங்கு குறைவு' என்றுதான் சொல்கிறது. மூலப்பொருள் எடுப்பது, செய்வது, உபயோகிப்பது, தூக்கி எறிவது என்று சாமானின் ஆயுள் முழுவதையும் கூட்டிக் கழித்துச் சொல்கிற சொல் அது. ஆனால் 'குறைவு' என்று அது சொல்வது நம் காதில் 'இல்லை' என்று விழுகிறது. விழ வேண்டுமென்றே சிலர் இலை வரைகிறார்கள். பையில் இலையைப் பார்த்துவிட்டு, 'இது கெடுதல் இல்லாத பைதானே' என்று நாளைக்கு இரண்டாக வாங்கினால், முத்திரையே இல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு துணிப்பைகூடத் தன்னை நெய்த செலவுக்கு ஈடு கட்ட வேண்டுமானால் பல தடவை கடைக்குப் போய் வந்தாக வேண்டும். ஆணியில் தொங்குகிற பைக்குப் புண்ணியம் கிடையாது.

குறைவுக்கும் இல்லாமைக்கும் நடுவிலுள்ள தூரத்தை எனக்கு நன்றாகப் புரியவைத்தது வில்லியனூர்தான். கடைப் பையன் கேலியாகச் சொன்னானோ நிஜமாகச் சொன்னானோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். புதுச்சேரிக்கு மேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர். திருக்காமீசுவரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். சுடுமண் வேலைக்கும் பெயர் பெற்ற ஊர். 'வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடு' என்று புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குறியீடு சொல்கிற சேதி வேறு. சாமான் எந்த ஊரில் பிறந்தது என்று அது சொல்லும். அதனால் மண்ணுக்கும் காற்றுக்கும் என்ன ஆயிற்று என்பது அதன் வேலையில்லை.

ஒரு வீட்டு வாசலில் பானைகளைக் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம், கைபேசியில் எக்கோமார்க் பானையின் படத்தைக் காட்டினேன்.

"என்னங்க இது, பானை படம்?"

"சர்க்கார் முத்திரை, அம்மா. மண்ணையும் தண்ணியையும் அதிகம் கெடுக்காத சாமானுக்கு இதைப் போடுவார்கள். பானை அவ்வளவு உத்தமமானதாம்."

அந்த அம்மாள் சிரித்தார். "உத்தமமா? சூளை போடுற அன்னைக்கு வந்து பாருங்க. பக்கத்து வீட்டுக்காரங்க என்ன திட்டுத் திட்டறாங்கன்னு தெரியும்."

"புகையா?"

"புகை வராம பானை எப்படிங்க வேகும்? விறகு, வைக்கோல் எல்லாம் வெச்சுத்தான் எரிக்கிறோம். மண்ணும் முன்ன மாதிரி நெனச்ச எடத்துல எடுக்க முடியாது. ஆனா ஒண்ணு. ஒடஞ்சா மண்ணுதான். எங்க போட்டாலும் யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

சர்க்கார் விளக்கத்தைவிட இந்தப் பதில் எனக்கு நேர்மையாகப் பட்டது. தன் சரக்கின் கெடுதலை முதலில் சொல்லிவிட்டு, நல்லதைப் பிறகு, அளவாகச் சொன்னார் அந்த அம்மாள். ஒரு முத்திரை பேசக் கற்றுக்கொண்டால் இப்படித்தான் பேச வேண்டும்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "அப்ப, இந்த முத்திரையை எங்க பானை மேல போட்டுக்கலாமா?"

நான் என்ன சொல்வேன்! 1991-இல் வகுத்த பட்டியலில் சோப்பு உண்டு, வர்ணம் உண்டு, பாட்டரி உண்டு. பானை இல்லை. பட்டியலில் இருந்தாலும் மனுப் போட வேண்டும், சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். சூளை போட விறகுக்கே கடன் வாங்குகிறவர்களுக்கு இது ஆகிற காரியமா? விஷயத்தைச் சுற்றி வளைத்து ஒருவாறு சொன்னேன்.

"அப்படீன்னா படம் மட்டும் எங்களுது" என்றார் அந்த அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, அடுத்த பானையைத் திருப்பி வைத்தபடியே சொன்னார்.

அந்த வார்த்தை வீடு வரைக்கும் என்னோடு வந்தது. முத்திரைத் திட்டங்களின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். முத்திரை வாங்கப் பணமும் குமாஸ்தாக்களும் வேண்டும். அவை உள்ள பெரிய கம்பெனிக்கு முத்திரை தேவைப்படுவதில்லை. தானே ஒரு இலையை வரைந்துகொள்கிறது. முத்திரைக்குத் தகுதியுள்ள சின்னத் தொழிலாளிக்கு அதை வாங்க வழியில்லை.

இதற்கு மாற்று வழியே கிடையாதா என்றால், இருக்கிறது. இயற்கை விவசாயத்தில் 'பி.ஜி.எஸ். இந்தியா' என்று மத்திய விவசாயத் துறையின் ஏற்பாடு ஒன்று நடக்கிறது. பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்து, ரசாயன உரம் போடவில்லை என்று சாட்சி சொல்கிறார்கள். வெளியிலிருந்து கட்டணம் வாங்கிக்கொண்டு வருகிற ஆளுக்குப் பதில் அக்கம்பக்கத்தார் சாட்சி. ரசாயனத்தை விட்டு மாறிக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு முத்திரை, முழுவதும் மாறிவிட்டவர்களுக்கு வேறு முத்திரை. அக்கம்பக்கத்தார் பரஸ்பரம் விட்டுக்கொடுத்து ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்கலாம். ஏமாற்றலாம். ஆனால் வில்லியனூரில் சூளைப் புகையைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு தாராளமாகச் சாட்சி சொல்வார் என்பதைக் கேட்டு வந்த எனக்கு, அந்தப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கைத்தொழில்களுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு வந்தால் பானைக்குப் பானை கிடைக்கலாம்.

மூன்றாவது கேள்வி மிச்சமிருக்கிறது. இதைக் கேட்கிறவர் யார்?

இவ்வளவு நல்ல உவமையும் இவ்வளவு கறாரான நிபந்தனைகளும் இருந்தும், எக்கோமார்க் முப்பது வருஷத்துக்கு மேல் கடைகளில் முகம் காட்டாமலே இருந்துவிட்டது. முத்திரை கேட்டு வந்த உற்பத்தியாளர்கள் மிகச் சிலர். காரணம் கேட்டால் பலவும் சொல்கிறார்கள். தரமுத்திரையும் வேண்டும், சூழல் முத்திரையும் வேண்டும் என்ற இரட்டைப் பரீட்சை ஒரு காரணம். கட்டாயமில்லாத திட்டம் என்பது இன்னொன்று. விளம்பரம் போதவில்லை என்பது மற்றொன்று. எல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றின் அடியில் ஒரு சின்ன உண்மை இருக்கிறது. கடைக்குப் போய், 'பானை போட்டது கொடு' என்று நாம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத சரக்கைக் கடைக்காரர் தருவிப்பதில்லை. அவர் தருவிக்காத சரக்குக்கு முத்திரை வாங்க எந்த உற்பத்தியாளரும் செலவு செய்வதில்லை. அச்சடித்து, பைண்டு செய்து, ஒரு பிரதிகூட விற்காமல் கரையான் அரித்த புத்தகம் மாதிரி ஆயிற்று அதன் கதை. புத்தகம் விற்காவிட்டால் எழுத்தாளனைத் திட்டுவது நம் வழக்கம். சில சமயம் வாசகனையும் திட்ட வேண்டியிருக்கிறது. அந்த வாசகர்களில் நானும் ஒருவன்.

ஜெர்மனியில் நீலத் தேவதை பிழைத்ததற்குக் காரணம் தேவதையின் சக்தி இல்லை. திரும்பக் கொடுக்கிற புட்டி, மறுபடி ரப்பர் ஒட்டிய டயர், சத்தம் குறைந்த புல்வெட்டி என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த சாமான்களில் அதை ஒட்டினார்கள். வாங்கினவர்கள் அதைத் தேடினார்கள். பெரியவரின் மகள் கையில் எடுத்த புட்டியைத் திரும்ப வைத்துவிட்டு வருகிறாள் என்றாரே, அந்த ஒரு கைதான் சட்டம் செய்ய முடியாத காரியத்தைச் செய்கிறது.

நம் சர்க்கார் இப்போது இரண்டாம் பதிப்பு போட்டிருக்கிறது. 2024 செப்டம்பரில் பழைய திட்டத்துக்குப் பதிலாகப் புதிய எக்கோமார்க் விதிகளை வெளியிட்டு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். பதிவு பெற்ற சரிபார்ப்பாளர்கள் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்கிறார்கள். அடுத்த மாதமே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இலை வரைகிறவர்களுக்கு ஒரு கடிவாளம் போட்டது. 'பசுமை', 'சூழலுக்கு உகந்தது' போன்ற பொத்தாம்பொதுச் சொற்களைப் போட்டால் அவற்றுக்கு ஆதாரமும் விளக்கமும் கூடவே தர வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. என் பின்னட்டை வரிக்கு இப்படி ஒரு விதி வந்தால் நான் என்ன ஆதாரம் காட்டுவேன் என்று யோசித்துப் பார்த்துக் கொஞ்சம் கலங்கினேன். ஆனாலும் விதி நல்ல விதி. அடைமொழியை எழுதுகிறவன் அதற்கு ஜவாபும் சொல்ல வேண்டும் என்று நான் இந்தப் பக்கங்களில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதைச் சர்க்கார் இப்போது வியாபாரிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

ஆனால் முதல் பதிப்பில் இல்லாதது இரண்டாம் பதிப்பிலும் இல்லை. அது வாசகர். அவரை எந்த அரசிதழிலும் அச்சடித்துச் சேர்க்க முடியாது.

நேற்றுச் சாயங்காலம் பெரியவரோடு பெரிய வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அவர்கள் குடியிருந்த பகுதிக்கும் தமிழர்கள் குடியிருந்த பகுதிக்கும் நடுவே எல்லையாக ஓடிய வாய்க்கால். இன்றைக்கும் ஊரின் மழைநீரும் கழிவுநீரும் அதன் வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பெரியவர், "என் வீட்டுப் பூத் தண்ணியும் இதுலதான் கலக்குது, மத்த வீட்டுத் தண்ணியும் இதுலதான் கலக்குது. நான் ஒருத்தன் பூ போட்டதை வாங்கி என்ன பிரயோஜனம் சார்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நடந்துகொண்டே நேரு வீதிக் கடைக்கு அவரை அழைத்துப் போனேன். அதே பையன் இருந்தான்.

"தம்பி, சோப்புத்தூளில் பானை முத்திரை போட்டது வந்திருக்கிறதா?" என்றேன்.

இந்தத் தடவை அவன் வில்லியனூருக்கு வழி சொல்லவில்லை. முதலாளியைப் பார்த்தான். முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்து, "அப்படி ஒண்ணு இருக்குதுங்களா? யாரும் கேட்டதில்லியே. நாலு பேரு கேட்டா விசாரிச்சு வரவழைக்கலாம்" என்றார்.

நான் கேட்டுவிட்டேன். பெரியவர், "எனக்கும் ஒண்ணு" என்றார். இரண்டு பேர் ஆயிற்று. இன்னும் இரண்டு பேர் வேண்டும்.